நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டோம்

நைனா,

நாங்கள் இங்கு நலம், நீ அங்கு நலமா என்று ஆரம்பித்துத்தான் எனக்குப் பழக்கம். இந்த முறையும் அப்படித்தான் பேனாவை வைத்தேன், கை ஓடவில்லை. முதல் வரியிலேயே பாதிப் பொய்யை எழுதிவிட்டு மிச்சத்தை எப்படி எழுதுவது? அதனால் விட்டுவிட்டேன். நீ பெங்களூரில் நன்றாக இருக்கிறாய் என்று தெரியும். வேளாவேளைக்குச் சாப்பிடுவதில்லை என்றும் தெரியும். அதற்குத் தனியாகத் திட்டுகிறேன், இப்போது இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ தலையில் அடித்துக்கொண்டாயே, அதிலிருந்து தொடங்குகிறேன். "கஸ்டமருங்க எழுதற கம்ப்ளெய்ன்ட்ட படிச்சா பேஜாரா இருக்கும்மா. வேலை செய்யல, அர்ஜென்ட்டுனு ஒரு வரி எழுதி அனுப்பறாங்க. இன்னா வேலை செய்யல, எங்க செய்யல, ஒண்ணும் கெடையாது" என்றாய். சாஃப்ட்வேரில் ஏதாவது தப்பு கண்ணில் பட்டால் அதை எப்படி எழுதி அனுப்ப வேண்டும் என்று கஸ்டமர்களுக்கு ஒரு பக்கம் தயார் செய்யச் சொல்லி உன் மேனேஜர் கேட்டிருப்பதாகச் சொன்னாய். அப்புறம் உனக்கே உரிய குசும்போடு, "நீதான் ஃபேக்டரி ஸ்டோர்ஸ்ல அத்தினி வருஷம் கம்ப்யூட்டர் தட்டுனவ ஆச்சே, நீயே எழுதிக் குடேன்" என்று சிரித்தாய். நீ விளையாட்டுக்குத்தான் சொன்னாய். நான் நிஜமாகவே எழுதுகிறேன். அதோடு இன்னொன்றும் எழுதுகிறேன், அது நீ கேட்காதது.

கம்ப்ளெய்ன்ட் எழுதும்போது கதையை முதலில் சொல்லாதே, கெட்டுப்போனது எதுவோ அதை முதல் வரியிலேயே சொல்லிவிடு என்று எனக்கு ஒரு பிள்ளை சொல்லிக்கொடுத்தான். அந்தப் பிள்ளையைப் பற்றிப் பிறகு வருகிறேன். அவன் சொன்னபடியே எழுதுகிறேன். உன் அப்பாவுக்கு ஞாபகம் தப்புகிறது. வயதானவர்கள் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது போல இல்லை. வேறு மாதிரி. நீ அடுத்த மாதம் ப்ராஜெக்ட்டுக்கு வெளிநாட்டுக்குக் கிளம்புகிறாய், போனால் சில வருஷம் ஆகும் என்கிறாய். ஃப்ளைட் ஏறும்வரை உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நினைவு நன்றாக இருந்த ஒரு நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் போவட்டும்மா. போறவனைப் புடிச்சு நிறுத்தாதே" என்றார். சத்தியத்தை மீறித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உன் பக்கத்துக்கு வேண்டியது. உனக்கு நம் வீட்டு டிவி ஞாபகம் இருக்கிறதா? நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். கிரிக்கெட் மேட்ச் நடந்துகொண்டிருக்கும்போது திரை பூராவும் புள்ளி புள்ளியாகி, காதே கிழிகிற மாதிரி இரைச்சல் வந்தது. பக்கத்து வீட்டு அங்கிள் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு, "பிக்சர் டியூப் பூட்ச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். நீ மேட்ச் போகிற அவசரத்தில் திருவள்ளூர் மெக்கானிக்கிடம் ஓடி, "அண்ணா, பிக்சர் டியூப் பூட்ச்சு" என்று ஒப்பித்தாய். அவர் டியூப் என்றதும் செட்டையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே வைத்துப் பார்த்தால் படம் பளிச்சென்று வருகிறது. திரும்பக் கொண்டுவந்து வீட்டில் மாட்டினால் மறுபடி புள்ளி. கடைசியில் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தால் ஆன்டெனா ஒயரை அணில் கடித்து வைத்திருக்கிறது. அவர் இறங்கி வந்து உன்னைப் பார்த்துக் கத்தினார். "டேய், கண்ணால பார்த்தத சொல்றத உட்டுட்டு டியூப் பூட்ச்சு டியூப் பூட்ச்சுனா? புள்ளியா வருது, இரைச்சலா இருக்குனு சொல்லியிருந்தா மொதல்ல மாடிக்குத்தானேடா ஏறியிருப்பேன்!" நீ உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாய். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். உன் கஸ்டமர்களுக்கு அதைத்தான் எழுது. என்ன காரணம் என்று அவர்கள் சொல்ல வேண்டாம். என்ன பார்த்தார்கள் என்று சொல்லட்டும். காரணத்தைச் சொல்லியே தீர வேண்டும் என்று வாய் துடித்தால், 'இது என் ஊகம்' என்று தனியாகக் கடைசியில் எழுதட்டும்.

இப்போது அந்தப் பிள்ளை. அவன் பெயர் சுதாகர். ஆந்திரா எல்லையில் பள்ளிப்பட்டுப் பக்கம். நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய், அவனைப் பார்த்ததில்லை, பெயர் மட்டும் கேள்விப்பட்டிருப்பாய். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் ஸ்டோர்ஸ் கணக்கை அட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள் அல்லவா, அந்த ப்ரோக்ராமை எழுதிய மெட்ராஸ் கம்பெனி அவனைத்தான் அனுப்பியது. திருவள்ளூரில் ரூம் எடுத்துத் தங்கி, உன் அப்பா ஓட்டிய ஸ்டாஃப் பஸ்ஸில்தான் எங்களோடு வருவான். பெரியபாளையம் வருவதற்குள் பஸ் நிறைந்துவிடும். எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு இடம் பிடித்து வைத்திருப்பார்கள், புதுப் பையனுக்கு யார் விடுவார்கள்? அப்பா அவனை டிரைவர் பக்கத்தில் இஞ்சினை மூடும் பானட்டின் மேல் ஒரு மெத்தைத் துண்டைப் போட்டு உட்கார வைத்துக்கொண்டார். இஞ்சின் சூடு தாங்காமல் அவன் நெளிவான். தினமும் ஏறும்போது அப்பா அவனைக் கேட்பது ஒரே கேள்விதான். "இன்னா நைனா, பஸ்ல எடம் கெடச்சுதா?" அவன், "கெடச்சுது அண்ணா, ஏசி சீட்டு" என்பான். பஸ்ஸே சிரிக்கும். உன் அப்பாவுக்கு எல்லாப் பையன்களும் நைனாதான், உனக்கே தெரியும். நீயும் நைனா, அவனும் நைனா.

அவனுக்கு மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் நான் ஒரு டப்பா கூடுதலாகக் கட்ட ஆரம்பித்தேன். காரம் பத்தாது அக்கா என்று சிணுங்குவான். ஆந்திரா ஊறுகாய் வைத்துக் கொடுத்த அன்று கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டுவிட்டு, "இப்பதான் வூட்ல சாப்ட மாதிரி இருக்கு" என்றான். எனக்கு உன் ஞாபகம். நீ ஹாஸ்டலில் என்ன தின்றாயோ என்று நினைத்தபடியே அவனுக்குப் பரிமாறினேன்.

ப்ரோக்ராம் ஓட ஆரம்பித்து கொஞ்ச நாளில் ஒரு கோளாறு தலை காட்டியது. ஸ்டோர்ஸில் என் கவுன்டர் ஒன்று, டூல் ரூம் பக்கம் இன்னொன்று. இரண்டு இடத்திலிருந்தும் சாமான் கொடுப்போம், இரண்டு கம்ப்யூட்டரிலும் பதிவோம். சாயங்காலம் ரேக்கில் எண்ணிப் பார்த்தால் கம்ப்யூட்டரில் காட்டுவதைவிடக் கையில் கொஞ்சம் குறைவாக இருக்கும். தினமும் இல்லை. எல்லாச் சாமானிலும் இல்லை. எங்கள் மேனேஜர் ஒரு தடவை எரிச்சலில், "சாஃப்ட்வேர் சுத்த மோசம்" என்று அவன் கம்பெனிக்கு எழுதிப் போட்டார். சுதாகர் பதறிக்கொண்டு வந்தான். தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதிந்து பார்த்தான். எல்லாம் ஒழுங்காகக் கழிந்தது. "இங்க நல்லாத்தானே இருக்கு அக்கா? எதுல தப்பு வருதுனு சொல்லுங்களேன்" என்று கேட்டான். அவன் முகம் வெளுத்திருந்தது. அவன் முதலாளி போனில் கிழி கிழி என்று கிழித்திருக்கிறார்.

அன்று திரும்பும்போது சுதாகர் பஸ்ஸில் இல்லை, அவன் கம்பெனி மெட்ராஸுக்குக் கூப்பிட்டிருந்தது. அப்பா பஸ்ஸைக் கவரைப்பேட்டை டீக்கடையில் நிறுத்திவிட்டு எல்லோரையும் திரும்பிப் பார்த்துச் சொன்னார். "தோ பாருங்கப்பா, வாழ வேண்டிய புள்ள. இன்னொரு வாட்டி மேலருந்து கம்ப்ளெய்ன்ட் போச்சுனா வேலைய உட்டுத் தூக்கிடுவானுங்க. யாரும் போட்டுக் குடுக்காதீங்க. நமக்குள்ள சரி பண்ணிக்கினு போலாம்." எனக்குச் சுருக்கென்றது. "தப்பு இருக்குங்க, அத்த சொல்லாம எப்டி?" என்றேன். "சொன்னா அவன் போயிடுவாம்மா, நம்ம புள்ளையா இருந்தா உட்டுக் குடுப்பியா?" என்றார். பஸ்ஸே தலையை ஆட்டியது. நானும் ஆட்டினேன்.

அதிலிருந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். சாயங்காலம் ரேக்கில் இருப்பதை எண்ணுவேன், கம்ப்யூட்டரில் ஒரு அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி போட்டு இரண்டையும் சமமாக்கிவிடுவேன். மறுநாள் காலையில் யார் வந்து பார்த்தாலும் கணக்கு கண்ணாடி மாதிரி இருக்கும். "எப்படி இருக்கு சிஸ்டம்?" என்று மேனேஜர் கேட்டால், "நல்லா இருக்கு சார்." சுதாகர் வந்து கேட்டால், "நல்லா இருக்குப்பா, நீ சாப்பிடு." அவன் நம்பினான். எங்கள் ஃபேக்டரியில் ப்ரோக்ராம் அருமையாக ஓடுகிறது என்று மற்ற கம்பெனிகளிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பொன்னேரியில் உன் சித்தி கல்யாணத்துக்கு நான் லீவு போட்டேன். என் இடத்தில் உட்கார்ந்தவருக்குச் சாயங்கால அட்ஜஸ்ட்மென்ட் விஷயம் தெரியாது. அது எந்த விதியிலும் இல்லாத வேலை, யார் சொல்லிக் கொடுப்பது? ஃபர்னஸ் ஆட்கள் போடும் சூடு தாங்கும் கிளவுஸ் ரேக்கில் தீர்ந்துபோனது. கம்ப்யூட்டரில் நிறைய இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருந்தது. பர்ச்சேஸ்காரர்கள் ரேக்கையா வந்து பார்ப்பார்கள்? கம்ப்யூட்டரில் இருக்கிறது, ஆர்டர் போட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஏகாம்பரம் என்று ஃபர்னஸில் ஒருவர், நம் பஸ்ஸில்தான் பெரியபாளையம் தாண்டி ஆரணியில் ஏறுவார். உள்ளங்கை ஓட்டையாகிப்போன பழைய கிளவுஸைப் போட்டுக்கொண்டு வேலை செய்திருக்கிறார். உருகிய இரும்பு தெறித்தது. விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அப்புறம் அவரால் அந்தக் கையால் சோற்றைப் பிசைய முடியவில்லை நைனா. அவர் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கிளவுஸ் ஏன் இல்லை என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர் கணக்கு தப்பு என்பது என் சாயங்கால என்ட்ரிகளோடு வெளியே வந்தது. சுதாகரைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் அறையில் அவனை நிற்க வைத்துக் கேட்ட கேள்விகளை எல்லாம் நான் எழுதப் போவதில்லை. வெளியே வந்தவன் நேராக என் கவுன்டருக்கு வந்தான். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டான். "தினம் சோறு போட்டீங்களே அக்கா. இத்த ஒரு வாட்டி சொல்லியிருக்கக் கூடாதா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இப்பவாவது சொல்லுங்க" என்றான். அன்றைக்கு அவன் என்னைக் கேட்ட கேள்விகள்தான் உன் கஸ்டமர் பக்கத்துக்கு நான் தரும் மொத்தச் சரக்கும். தப்பு வந்தபோது நீங்கள் செய்துகொண்டிருந்தது என்ன? அதற்கு முன்னால் எதை அழுத்தினீர்கள்? என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது? திரையில் ஏதாவது எழுத்து வந்ததா, வந்தால் அது அப்படியே என்ன? எப்போதுமே இப்படியா, எப்போதாவதா? எப்போதாவது என்றால் எந்த நேரத்தில், அப்போது வேறு யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நான் யோசித்து யோசித்துச் சொன்னேன். ஷிப்ட் மாறும் நேரத்தில்தான் அதிகம் வருகிறது, கிளவுஸில்தான் அதிகம் வருகிறது என்றேன். அவன் அப்படியே நிமிர்ந்தான். "ஷிப்ட் மாறும்போது ரெண்டு கவுன்டர்லயும் கூட்டம் இருக்குமா?" என்றான். இருக்கும். "ரெண்டு பேரும் அதே கிளவுஸத்தான் குடுப்பீங்களா?" ஆமாம்.

அவனால் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் உட்கார முடியாதே. அதனால்தான் அவன் தனியாகப் பார்த்தபோதெல்லாம் தப்பு ஒளிந்துகொண்டது. டூல் ரூம் ஆள் சாப்பிடப் போயிருந்தார். பஸ்ஸைக் கழுவிவிட்டு ஈரக் காக்கிச் சட்டையோடு எதற்கோ வந்த உன் அப்பாவைப் பிடித்து டூல் ரூம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தோம். "அய்யோ, இத்த தொட்டா ஒடஞ்சிட போவுது" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அத்தனை பெரிய பஸ்ஸை விரல் நுனியில் திருப்புகிறவர். சுதாகர் நடுவில் நின்று, "நான் மூணு சொன்னதும் ரெண்டு பேரும் அமுக்கணும் அண்ணா" என்றான். ஒன்று, இரண்டு, மூன்று. அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அமுக்கினார். இருவரும் கொடுத்த கிளவுஸில் ஒருவர் கணக்கு மட்டும்தான் கழிந்திருந்தது. "தோ! மாட்னுச்சு பாரு!" என்று அப்பா எழுந்து குதித்தார். மறுபடி செய்தோம், மறுபடியும் மாட்டியது. அந்த இடத்தில், அந்த வேதனையில், நாங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். ஒரு தப்பை வேண்டும்போது வரவழைக்க முடிந்தால் பாதி சரியான மாதிரி அக்கா என்றான் சுதாகர். மறுநாளே சரிசெய்துவிட்டான். அவ்வளவு சின்ன வேலை. கவரைப்பேட்டை டீக்கடையில் அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் ஏகாம்பரத்தின் கை தப்பியிருக்கும்.

சரிசெய்துகொடுத்த கையோடு அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். எதற்குப் பயந்து மறைத்தோமோ அதுவே நடந்தது, கூடவே இன்னொருவர் கையும் போனது. கடைசி நாள் பானட் மேல் உட்கார்ந்து வந்தான். அன்று அப்பா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. திருவள்ளூரில் இறங்கும்போது அவன்தான், "எடம் குடுத்ததுக்கு தேங்க்ஸ் அண்ணா" என்றான். அதன் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அந்த மெத்தைத் துண்டை அப்பா ரிட்டயர் ஆகும்வரை பானட்டிலிருந்து எடுக்கவில்லை. வேறு யாரையும் அதில் உட்கார விடவும் இல்லை.

இப்போது உன் அப்பா. சுதாகர் கேட்ட மாதிரியே எழுதுகிறேன். காரணம் எழுத மாட்டேன். பக்கத்து வீட்டில் வயசானா இப்படித்தான் என்கிறார்கள், உன் மாமா யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கிளப்பிக்கொண்டிருக்கிறான். பிக்சர் டியூப் கதை எனக்குப் போதும். பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

ஆடி மாதம் பெரியபாளையத்தம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போனோம். சாமி கும்பிட்டு வெளியே வந்து ரோட்டில் நின்றோம். ஒரு ரோடு திருவள்ளூருக்கு, ஒன்று ஊத்துக்கோட்டைக்கு, ஒன்று ஆரணி வழியாகப் புதுவாயலுக்கு. அப்பா மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம், "கும்மிடிப்பூண்டிக்கு இதுல எந்த ரோடும்மா?" என்று கேட்டார். நான் கிண்டல் என்று நினைத்து, "நல்லாத்தான் நடிக்கறீங்க" என்றேன். அவர் நடிக்கவில்லை. முகத்தில் வேர்வை. யாரிடமாவது கேட்கலாமா என்று கூச்சத்தோடு சுற்றிப் பார்க்கிறார். வாழ்நாள் பூரா பஸ் ஓட்டின ரோடு நைனா அது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்து திருவள்ளூர் பஸ்ஸில் ஏற்றினேன். அன்றைக்கு வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

காலையில் நாஷ்டா முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, "நாஷ்டா ஆச்சா?" என்கிறார். ஆச்சுங்க என்றால் கோபம் வருகிறது, நான் பட்டினி போடுகிறேன் என்று. அவருக்கா கோபம்? நம் வீட்டில் கோபம் எனக்கு மட்டும்தானே சொந்தம். திருப்பாச்சூர் கோயிலுக்குப் போனவர் செருப்பில்லாமல், வேறு தெருவழியாக யார் கையையோ பிடித்துக்கொண்டு வந்தார். காலையில் கொஞ்சம் பரவாயில்லை. பொழுது சாயச் சாய அதிகமாகிறது. வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால் இன்னும் அதிகமாகிறது.

உனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பாய். சுதாகருக்கு ஏன் தெரியவில்லையோ அதேதான். நீ ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறாய், அவர் நன்றாக இருக்கும் நேரத்தில். ஒவ்வொரு வாரமும் அதே கேள்விகளைக் கேட்கிறாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு எடுத்துக்கொடுக்கிறேன். பொங்கலுக்கு நீ ஊருக்கு வந்தபோது அவருக்கு முன்னாலேயே சட்டையை எடுத்து வைத்து, யாராவது வந்தால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவர் தடுமாறும் முன் நானே பேச்சை வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் சமமாக்கிவிட்டேன். தினமும் சாயங்கால அட்ஜஸ்ட்மென்ட் போடுகிறேன் நைனா. நீ எப்போது வந்து பார்த்தாலும் கணக்கு சரியாகத்தான் இருக்கும். அதை எத்தனை நாள் போட முடியும்? எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தால் அன்றைக்கு அவர் எந்த ரோட்டில் நிற்பார்? அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டரிடம் கூப்பிட்டால் வர மறுக்கிறார். நீ கூப்பிட்டால் வருவார் என்று நினைக்கிறேன். உன் கஸ்டமர்கள் மாதிரி அர்ஜென்ட் என்று நான் எழுதவில்லை. வெளிநாடு போகாதே என்றும் சொல்லவில்லை. போவதா வேண்டாமா என்பதை, உண்மையைத் தெரிந்துகொண்டு நீ முடிவு செய்ய வேண்டும் என்றுதான் சத்தியத்தை மீறினேன். நம் பஸ் பூரா சேர்ந்து ஒரு பிள்ளையிடம் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொன்னோமே, அதையே உன்னிடமும் சொல்லி அனுப்பிவைக்க என்னால் முடியாது. அப்புறம் நீயும் ஒரு நாள் வந்து, ஒரு வாட்டி சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டால் நான் செத்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி. எழுதாமல் மடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்பா போனை வாங்கியதும், "இன்னா நைனா, பஸ்ல எடம் கெடச்சுதா?" என்று கேட்டார். கொஞ்ச மாதமாகவே அப்படித்தான் கேட்கிறார். நீயும் பழைய டிரைவர் தமாஷ் என்று நினைத்து, "கெடச்சுதுப்பா, ஜன்னல் சீட்டு" என்று சிரித்தாய். அவரும் சிரித்தார். நீ போனை வைத்த பிறகு அவர் முகம் மலர்ந்து என்னிடம் சொன்னார். "பள்ளிப்பட்டுப் புள்ள நல்லா இருக்கானாம்மா. வேற வேலை கெடச்சுட்டாப்ல இருக்கு. இன்னும் நம்மள மறக்காம போன் பண்றான் பாரு." நான், "அது நம்ம புள்ளங்க" என்றேன். அவர் நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டார். "யாரார் வூட்டுப் புள்ளயோ போன் பண்ணுது. நம்ம புள்ள ஏம்மா பண்றதே இல்ல?"

அன்றிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய்யாதே நைனா. வா.

அம்மா